மாமனார் கொண்டுவந்த ஆறு மூட்டை மணல்

என் மாமனார் முப்பத்திரண்டு வருஷம் பூமிக்கு அடியில் தங்கம் வெட்டினார். அதில் ஒரு குந்துமணி அளவுகூட அவர் வீட்டுக்கு வந்ததில்லை. அவர் மகளுக்கு நான் கட்டிய தாலியின் பொன்னை எங்கள் தெருப் பத்தரிடம்தான் வாங்கினேன். பத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாப்பா, பொண்ணோட அப்பன் தங்கச் சொரங்கத்துல வேலன்னாங்க. நீ எங்கிட்ட வந்து நிக்கற?"

"அவரு வெட்டிக் குடுப்பாரு. எடுத்துகினு போறவன் வேற ஆளு" என்றேன். பத்தர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுபதுகளின் நடுவில் மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் என் மனைவிதான். அதனால் மைசூர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த சுரங்க ஊரை விட்டு, திருத்தணியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னோம். நான் அப்போது அரக்கோணம் லோகோ ஷெட்டில் கலாசி. இஞ்சின் பாய்லரைக் கழுவுவது என் வேலை. தண்ணீரில் இருக்கும் உப்பும் சுண்ணாம்பும் பாய்லருக்குள் ஓடு மாதிரி படியும். உள்ளே தண்ணீர் பீய்ச்சி, கம்பியால் குத்தி, அந்த ஓட்டைப் பெயர்த்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இஞ்சின் வெடிக்கும் என்று பயமுறுத்தியே எங்களிடம் வேலை வாங்குவார்கள்.

மாமனார் வந்த ரயிலின் சாமான் பெட்டியான பிரேக் வேனில் ஆறு மூட்டைகள் இருந்தன. அரக்கோணத்தில் இறக்கி, திருத்தணி பாசஞ்சரில் மாற்றிப் போட வேண்டும். ஷெட்டிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மூட்டையை இரண்டு பேர் தூக்கியும் அது அசைய மாட்டேன் என்றது.

"இன்னாடா இது, உங்க மாமனாரு மலைய பேத்து எடுத்துகினு வந்துட்டாரா?" என்றான் ஒருவன்.

"இன்னா மாமா இது?" என்று நான் கேட்டேன்.

"சாமான் மாப்ளே."

"இன்னா சாமான்?"

"வூட்டுக்கு வா, சொல்றேன்."

வீட்டில் ஒரு மூட்டையை அவிழ்த்தார். சாம்பல் நிறத்தில், கோலமாவு போல நைஸான மணல். என் மனைவிக்கு அப்போது ஏழாவது மாசம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"நைனா, மண்ணா எடுத்துகினு வந்த? அம்மாவோட பித்தள அண்டா எங்க?"

"அத குடுத்துட்டேம்மா. இத ஸ்டேஷன் வரிக்கும் ஏத்திகினு வரணும்ல, வண்டிக்காரனுக்கு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமனார் என்னைத் தனியாக அழைத்து ரகசியம் சொன்னார். சுரங்கத்திலிருந்து வரும் கல்லை மாவாக அரைப்பார்களாம். மருந்துத் தண்ணீர் ஊற்றித் தங்கத்தைப் பிரித்து எடுப்பார்களாம். மிச்சத்தை மலையாகக் குவித்துவிடுவார்களாம். "அவன் எடுத்தது போவ இதுல இன்னும் கீது மாப்ளே. முப்பத்திரண்டு வருஷம் அவனுக்கு வெட்டினேன். ஒரு பொட்டு எனக்கும் எடுத்துக்கறேன். பேரப் புள்ளைக்கு ஒரு மூக்குத்தி போதும்."

"பேரன் பொறந்தா?"

"கடுக்கன்."



அடுத்த நாள் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். அதற்கு அவர் எடுத்த கருவி என் மனைவியின் அரிக்கஞ்சட்டி. உள்பக்கம் வரிவரியாகக் கோடு இருக்கும் மண்சட்டி அது. அரிசியைத் தண்ணீரோடு ஆட்டி ஊற்றினால் அரிசி வழிந்து போய்விடும், கனமான கல் வரியில் நின்றுவிடும். தங்கமும் கனம்தானே என்பது மாமனார் கணக்கு. கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து மணலை அள்ளிப் போடுவார், ஆட்டுவார், ஊற்றுவார், மூக்கு சட்டியில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்ப்பார். பிறகு அடுத்த கை மணல். மத்தியானம் என் மனைவி அதே சட்டியைக் கழுவி அரிசி அரிப்பாள். சோற்றில் நறநறவென்று ஏதோ கடிபடும்.

"தங்கம்தான். முழுங்கு" என்பாள்.

ஒரு மாசம் ஆகியும் தங்கம் வரவில்லை. கழுவிய மணல்தான் கிணற்றடியில் இடுப்பு உயரத்துக்கு வந்தது. அந்தக் கிணறு எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நடுவில் சுவர் வைத்துப் பக்கத்து வீட்டோடு பங்கு போட்ட கிணறு. இந்தப் பக்கம் எங்கள் ராட்டினம், அந்தப் பக்கம் அவர்கள் ராட்டினம். அவர்கள் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த நெசவுக்காரர்கள். அந்த வீட்டு அக்கா, கிணற்றடித் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் பாத்தி கட்டிக் கீரை போட்டிருந்தாள்.

ஆடி பிறந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு மழை கொட்டியது. எங்கள் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் ஒரு இடத்தில் இடிந்திருந்தது. கட்டுகிறேன் கட்டுகிறேன் என்று நான் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வழியாக மணல் குழம்பாகக் கரைந்து கிணற்றுக்குள் இறங்கியது. மறுநாள் தண்ணீர் தெளிந்துவிட்டது. நாங்களும் குடித்தோம்.

ஒரு வாரத்தில் கீரைப் பாத்தி ஓரமெல்லாம் கருகியது. மணலைக் கிளறிக்கொண்டிருந்த எங்கள் பெட்டைக் கோழி செத்துக் கிடந்தது. எனக்கு வயிறு நாலு நாள் நிற்கவில்லை. இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்கலாம். கோழி எதனால் செத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என் மனைவி அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அந்த மண்ணு வந்ததுல இருந்துதாங்க எல்லாம். எனக்கு பயமா கீது. வயித்துல ஒண்ணு கீது பாரு."

எங்கள் ஷெட்டில் பாய்லருக்கு ஊற்றும் தண்ணீரைச் சோதிக்க ஒரு கெமிஸ்ட் சார் இருந்தார். ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரும் ஒரு பொட்டலம் மணலும் அவரிடம் கொண்டுபோனேன். எங்கிருந்து வந்த மணல் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது.

"தங்கம் இருக்கற பாறையில பாஷாணமும், அதாவது ஆர்சனிக், கூடவே குடியிருக்கும்யா. பாறைக்குள்ள இருக்கற வரைக்கும் அது பாட்டுக்கு தூங்கும். அரைச்சு மாவாக்கி, மழையிலயும் காத்துலயும் போட்டா தண்ணியில எறங்கிடும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசியும் கிடையாது."

"காய்ச்சி குடிச்சா, சார்?"

"நீ பாய்லர் கழுவுறவன்தான? தண்ணி ஆவியா போனா உப்பு எங்க போவுது?"

"உள்ளயே நிக்கும்."

"இதுவும் நிக்கும். காய்ச்சினா இன்னும் கெட்டியாவும்."

இத்தனை வருஷம் பாய்லர் கழுவியதில் எனக்குக் கிடைத்த ஒரே படிப்பு அதுதான்.

தண்ணீரில் பாஷாணம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை எங்கள் ஷெட்டில் கிடையாது. ஆனால் அவர் காலேஜில் செய்திருக்கிறாராம். ஒரு புட்டியில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, ஆசிட் ஊற்றி, அதன் வாயில் மருந்து தடவிய காகிதத்தை வைத்தார். முதலில் ஷெட் குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. பிறகு வேறு புட்டியில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் காகிதத்தின் நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம் வந்தது. நாலணா அளவு.

"குடிக்காத. ஒரு சொட்டுகூட" என்றார். பிறகு, "உங்க மாமனார் அந்த ஊர்ல எத்தனை வருஷம் தண்ணி குடிச்சாரு? அவரு உள்ளங்கை, உள்ளங்கால் பாத்திருக்கியா?" என்று கேட்டார். "நான் டாக்டர் இல்ல, ஒரு தடவை ஆஸ்பத்திரியில காட்டு" என்றும் சொன்னார்.

அன்று மாமனார் கால் நீட்டிப் படுத்திருந்தபோது பார்த்தேன். உள்ளங்கையில் சோளமுத்துப் போலத் தடிப்புகள் இருப்பது எனக்கு முன்பே தெரியும். பாறையில் துளை போடும் மெஷினைப் பிடித்த கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளங்காலிலும் அதே தடிப்புகள். மெஷினைக் காலாலா பிடித்தார்?

இந்த இடத்தில்தான் நான் முட்டாள்தனம் செய்தேன். வாயால் சொன்னால் மாமனார் நம்ப மாட்டார், படித்தவர் கொடுத்த காகிதத்தைக் காட்டினால் அடங்கிவிடுவார் என்று அந்த மஞ்சள் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காகிதத்தைக் கையில் வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண் விரிந்தது.

"மாப்ளே! மஞ்ச!"

"மாமா, அது பாஷாணம்."

"மஞ்சளா கீதுடா! தண்ணியிலயே எறங்கியிருக்குது பாரு! அதான் சட்டியில நிக்கல. நான் ஒரு மாசமா மண்ணுல தேடிகினு கீறேன், அது கெணத்துல கீது!"

நான் எட்டிப் பிடிப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் குனிந்தே வேலை செய்த மனிதர் அன்றைக்கு நிமிர்ந்து நடந்தார். நெசவுக்கார அண்ணன் பார்த்தார், பத்தர் பார்த்தார், வெற்றிலைக் கடைக்காரர் பார்த்தார். பத்தர் காகிதத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "நெறம் சரியாத்தான் கீது" என்று ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்தார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. உடம்பு தேறாத பிள்ளைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் தாலிக்குண்டையோ மோதிரத்தையோ தண்ணீரில் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பார்கள். பொன்னின் சத்து தண்ணீரில் இறங்குமாம். ஒரு மோதிரத்துக்கே அந்தச் சத்து என்றால், தங்கம் கரைந்த ஒரு கிணற்றுக்கு எவ்வளவு! அந்த நேரம் பார்த்து ஆடிக் கிருத்திகை வேறு வந்தது. காவடிக் கூட்டம் மலையை மொய்த்தது. மொட்டை போட்டவர்கள் குளத்தில் இடம் கிடைக்காமல் அடிவாரத்து வீடுகளின் கிணற்றடிகளில் குளிப்பது வழக்கம். தெருவில் காதோடு காதாகப் போன சேதி அவர்கள் காதிலும் விழுந்தது.

காலை டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலிலிருந்து கிணறு வரைக்கும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். சொம்பு, தூக்கு, கெட்டில், ஒருவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். நெசவுக்கார அண்ணன் நூல் கயிற்றை இழுத்துக் கட்டி, "லைன்ல வாங்க, லைன்ல வாங்க, எல்லாருக்கும் கீது" என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மாமனார் ராட்டினத்தில் தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "யோவ், கீழ ஊத்துங்கய்யா! இது பாஷாணத் தண்ணி! குடிச்சா சாவீங்க!"

"ஆங், சொல்லுவ" என்றார் முன்னால் நின்ற மொட்டை. "எங்க வூட்டு கெணத்துல தங்கம் கெடச்சா நானும் அப்படித்தான் சொல்லுவேன்."

"ஒரு சொம்பு குடுத்தா கொறஞ்சா பூடுவ?" என்றாள் ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த ஒருத்தி. "முருகன் குடுத்தத மூடி வெக்கற பாரு."

"அம்மா, மிஷின்ல டெஸ்ட் பண்ணிட்டேன்மா!"

"டெஸ்ட் வேற பண்ணியிருக்கான்!" என்று பின்னால் ஒரு குரல். "அப்ப கன்பார்முடா!"

நான் விஷம் என்று கத்தக் கத்த வரிசை நீண்டது. தொண்டை கட்டியதுதான் மிச்சம். வரிசைக்குக் கட்டிய நூல் கயிற்றை அறுத்தேன். நெசவுக்கார அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். "பாதி கெணறு எங்குளுதுபா. உன் பாதிய நீ மூடிக்கோ." கிணற்றில் பாதியை எப்படி மூடுவது?

அப்போது என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர். நேராக அவள் அப்பாவிடம் போய் நீட்டினாள்.

"ஊத்து நைனா."

மாமனாரின் கை ராட்டினக் கயிற்றிலேயே நின்றது. "உனுக்கு எதுக்கும்மா?"

"தங்கத் தண்ணின்ற. ஊருக்கே ஊத்தற. மாசமா கீறவளுக்கு மொதல்ல குடுக்க வாணாமா?" அவர் ஊற்றவில்லை. அவளே வாளியில் டம்ளரை முக்கி எடுத்து வாயருகில் கொண்டுபோனாள். "குடிக்கட்டா?"

"வாணாம்மா."

"ஏன்?"

"வாணாம்னா வாணாம்."

அவள் உதட்டில் டம்ளர் பட்டது. மாமனார் கயிற்றை விட்டுவிட்டு ஒரே அறை, டம்ளர் மீது. அது பறந்துபோய்த் துணி துவைக்கும் கல்லில் மோதி விழுந்தது. வாளி கிணற்றுக்குள் தடதடவென்று இறங்கித் தண்ணீரில் மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கெமிஸ்ட் சாரின் காகிதம் செய்யாததை அந்த அறை செய்தது. ஹார்லிக்ஸ் பாட்டில்காரர்தான் முதலில் கவிழ்த்தார். பிறகு ஒவ்வொருவராக. ஒரு நிமிஷத்தில் கிணற்றடி முழுக்க ஈரம். ஆர்.கே.பேட்டைக்காரி மட்டும் போகும்போது, "மின்னாடியே சொல்லக் கூடாதா?" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனாள்.

மாமனார் மணல் குவியல் மேலேயே உட்கார்ந்தார். சுரங்க ஊரில் அந்த மணல் மலைக்குக் கீழே ஒரு ஓடை போகுமாம். அதில் தண்ணீர் குடித்த மாடுகள் கால் மடங்கி விழுவதைப் பார்த்திருக்கிறாராம். "எல்லாருக்கும் தெரியும் மாப்ளே. ஆனா அங்க அவ்ளோ பெரிய மலை. ஆறு மூட்ட இன்னா செய்யும்னு நெனச்சேன். அந்த மஞ்சளப் பாத்ததும் எல்லாம் மறந்து பூட்ச்சு."

"உனுக்கு தெரிஞ்சே என் அரிக்கஞ்சட்டிய எடுத்தியா நைனா?" என்றாள் மகள். சட்டியைத் தூக்கி அவர் காலடியில் போட்டு உடைத்தாள்.

கிணற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆயில் இஞ்சின் வைத்து மூன்று நாள் இறைத்தோம். அந்தத் தண்ணீரை எங்கே விடுவது என்று தெருவே சண்டை போட்டது. முந்தின நாள் அந்த வரிசையில் சொம்போடு நின்ற தெருக்காரர்களே இன்றைக்குத் தங்கள் வாசல் பக்கம் ஒரு சொட்டு வரக் கூடாது என்றார்கள். கடைசியில் குழாய் போட்டு, ரயில் பாதை ஓரத்தில் ஒன்றும் முளைக்காத உப்புத் தரையில் விட்டோம். அது சரியா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

மணலை என்ன செய்வது என்று ஊர் ஆபீஸில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "வெஷம்னு எழுதிக் குடுத்தா போலீஸ் கேஸ். தங்கம்னு எழுதிக் குடுத்தா கலெக்டர் கேஸ். மணல்னு எழுதினா எங்ககிட்ட எதுக்கு வர? உன் இஷ்டம், சொல்லு."

"எடுத்த எடத்துலயே போட்டுட்டு வரலாம் மாப்ளே" என்றார் மாமனார்.

கிணற்றடி மண்ணையும் ஒரு முழம் ஆழத்துக்குச் சுரண்டிக் கட்டினோம். ஆறு மூட்டையாக வந்தது ஒன்பது மூட்டையாகத் திரும்பிப் போனது. அரக்கோணம் பார்சல் ஆபீஸில் எழுதுகிறவர் கேட்டார்.

"இன்னா சரக்கு?"

"மணல்."

"எங்க?"

"தங்கச் சொரங்கத்துக்கு."

"ஏன், அங்க மண்ணு தீந்து பூட்ச்சா?"

அந்த ஊரில் மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மணல் மலையை நான் முதல்முறையாகப் பார்த்தேன். சாம்பல் நிறம், ஒரு புல் கிடையாது, உச்சியிலிருந்து காற்று புகை மாதிரி தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அதன் அடிவாரத்தில் வீடுகள், மாடுகள், கொடியில் காயும் துணிகள். நாங்கள் மூட்டையை இறக்குவதைப் பார்த்துக் காவல்காரர் தடியோடு ஓடி வந்தார்.

"மணல் திருடறீங்களா?"

"இல்லீங்க, திருப்பிக் குடுக்கறோம்" என்றேன்.

அவர் நம்பவில்லை. மாமனாரின் வேட்டி மடிப்பை உதறச் சொன்னார், வாயைத் திறக்கச் சொன்னார். என்னையும் அப்படியே. எங்களிடம் ஒன்றுமில்லை. மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினோம். ஒன்பது மூட்டையும் அந்த மலையோடு சேர்ந்து காணாமல் போயிற்று. காவல்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"எடுத்துகினு போறவன நெறைய பேரப் பாத்திருக்கேன். ரயில் ஏத்திகினு வந்து கொட்டறவன இப்பத்தாம்பா பாக்கறேன்." அப்புறம் அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். எங்களைத் தன் குடிசைக்குள் உட்காரச் சொல்லி, பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எந்தத் தண்ணி இது?" என்றேன்.

"அதோ, மேட்டுக்குக் கீழ எங்க கெணறு. ஊரே அதத்தான் குடிக்குது. ஏன், எங்க தண்ணி உங்களுக்கு ஆவாதா?"

எங்கள் கிணற்றைக் காப்பாற்ற வந்தவன் நான். கெமிஸ்ட் சார் சொன்னதையெல்லாம் இவரிடமும் சொன்னேன். பாஷாணம், காகிதம், காய்ச்சினாலும் போகாது, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "சரி. அப்ப எத குடிக்கறது?"

சொம்பு என் கையிலேயே இருந்தது. மாமனார் அதை வாங்கினார். நான் "மாமா" என்றேன். அவர் அண்ணாந்து முழுசாகக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, காவல்காரரிடம் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஜில்லுனு கீதுபா" என்றார்.